மூன்று கோபுரப் படம்

சிவசங்கரி ஒன்பதாம் வகுப்பு படித்த காலத்தில் கைகளைப் பெஞ்சுக்கு அடியிலேயே வைத்துக்கொண்டிருப்பாள். முள்ளிப்பட்டில் அவள் பிறந்த வீட்டில் தறி ஓடியது. விடிந்ததும் அப்பாவுக்கு ஊடைப் பட்டு நூலைத் தாராகச் சுற்றிக் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் கிளம்ப முடியும். புதுச்சாயம் ஏறிய பட்டாக இருந்தால் விரல் இடுக்கெல்லாம் அரக்குச் சிவப்பு பிடித்துக்கொள்ளும்; சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. ஆரணி டவுன் பெண் ஒருத்தி ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "இன்னாடி, கோழி அறுத்துட்டு வந்தியா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. கேட்டவள் மறுநாளே மறந்திருப்பாள். சிவசங்கரி மறக்கவில்லை. கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி, நாற்பத்தெட்டு வயதாகியும், புது ஆட்கள் முன்னால் உட்கார்ந்தால் அவள் கை தானாகவே முந்தானைக்குள் போய்விடும்.

பிளஸ் டூ முடித்த வருஷமே அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அருள்மணி, கணக்கு வாத்தியார். நெசவுக் குடும்பத்துக்கு வாத்தியார் மாப்பிள்ளை கிடைத்தது பெரிய காரியம் என்று ஊரே பேசியது. அவள் தம்பி தமிழ்செல்வன் அப்போதுதான் தறிக்குழியில் கால் வைத்து நெசவு பழக ஆரம்பித்திருந்தான். அக்காவின் முகூர்த்தச் சேலையைத் தான்தான் நெய்வேன் என்று அப்பாவிடம் மல்லுக்கு நின்று வாங்கி நெய்தான். அரக்கு உடல், மஞ்சள் கரை. கரை நெடுக முக்கோணம் முக்கோணமாகக் கோபுரங்கள் வரிசை கட்டி நிற்கும். கோபுரக் கரை என்று சொல்வார்கள். கற்றுக்குட்டி கை என்பதால் முந்தானைக்குப் பக்கத்தில் ஒரு கோபுரம் மட்டும் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. மணவறையில் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க, மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் அது பட்டுவிடக்கூடாதென்று சிவசங்கரி அந்த இடத்தை மடித்து மடியில் சொருகிக்கொண்டே இருந்தாள். தாலி ஏறியபோது அவள் மனசில் இருந்தது சாய்ந்த கோபுரம்தான்.

இப்படியே வாழ்ந்தவள். வாடகை வீடு வாடகை வீடாக மாறி, கடைசியில் சேவூர் போகிற ரோட்டில் ஒரு மனை வாங்கி, லோன் போட்டு வீடு கட்டினார்கள். சமையல் மேடைக்குக் கறுப்புக் கல், வாசலுக்குத் தேக்கு நிலை, மொட்டை மாடிக்குப் போக உள்ளேயே படி. ஹாலுக்குள் நுழைந்ததும் எதிரே தெரிகிற சுவரை மட்டும் வெறுமனே விட்டு வைத்திருந்தாள். நாலு பேர் வந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுகிற இடம் அது. அங்கே என்ன மாட்டுவது என்று அவளுக்கு ஒரு மாசமாக யோசனை.

அப்பா இறந்த பிறகு தாய்வீடு என்றால் தம்பிதான். அவன் இன்னும் முள்ளிப்பட்டில் அதே வீட்டில், அதே தறிக்குழியில், ஆரணி முதலாளி ஒருவர் கொடுக்கிற பட்டு நூல் பாவுக்குக் கூலிக்கு நெய்துகொண்டிருந்தான். கிரகப்பிரவேசத்துக்கு ஒரு வாரம் முன்னால் போன் பண்ணினான்.

"ஹால்ல எதிர் செவுத்துக்கு வேற எதுவும் வாங்கிடாதக்கா. படம் ஒண்ணு போடச் சொல்லியிருக்கேன். பெரிசு. பாத்தா உனக்கே தெரியும்."

என்ன படம் என்று அவள் எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை. பாத்தா உனக்கே தெரியும், பாத்தா உனக்கே தெரியும் என்று அதையே சொல்லிச் சிரித்தான்.

தை மாசத்து நல்ல முகூர்த்தம். ஹோமம் முடிந்து, பால் பொங்கி, கூட்டம் இட்லிக்கும் பொங்கலுக்கும் நடுவில் இருந்தபோது தாய்வீட்டுச் சீர் மேளத்தோடு தெருமுனையில் திரும்பியது. தட்டுத் தட்டாகப் பழம், பூ, சேலை வேட்டி, பித்தளை அண்டா, குத்துவிளக்கு. எல்லாவற்றுக்கும் பின்னால் தமிழ்செல்வனும் அவன் மனைவி மதிவதனியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பழுப்புக் காகிதம் சுற்றிய ஒரு பெரிய சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கதவு ஒன்றைக் கழற்றி எடுத்துக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது.

சீர் வந்தால் மைக்கில் சொல்ல வேண்டும். யார் வைத்தது, என்னென்ன வைத்தது என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி படிக்காவிட்டால் அது சீரே இல்லை. முள்ளிப்பட்டில் அந்த வேலைக்கென்றே இருக்கிறவர் எல்லப்பன். சொந்தத்தில் சிவசங்கரிக்குச் சித்தப்பா முறை. அண்டாவுக்கு ஒரு அடைமொழி, விளக்குக்கு ஒரு அடைமொழி என்று போட்டு நீட்டி முழக்கிக்கொண்டே வந்தவர், காகிதத்தைப் பிரிக்கச் சொன்னார். பிரித்ததும் ஒரு நிமிஷம் நிதானித்துப் பார்த்தார். மாலை நேரத்து அரக்குச் சிவப்பு வானம். கீழே மணல். மணலில் வரிசையாக மஞ்சள் நிறத்தில் மூன்று பெரிய முக்கோணங்கள். போட்டோவைப் பெரிதாக்கி, மேலே பளபளவென்று லேமினேஷன் ஒட்டி, சுற்றிலும் மரச் சட்டம் அடித்திருந்தது.

"தாய்மாமன் சீரு, மூணு கோபுரம் போட்ட படம் ஒண்ணு!" என்று எல்லப்பன் மைக்கில் முழங்கினார்.

பக்கத்தில் நின்றிருந்த அருள்மணிக்குத் தவறு என்று ஒன்று காதில் விழுந்துவிட்டால் திருத்தாமல் இருக்க வராது. முப்பது வருஷ வாத்தியார் பழக்கம். "கோபுரம் இல்ல மாமா, பிரமிடு. எகிப்துல இருக்குது. அந்தக் காலத்து ராஜாங்களோட சமாதி," என்றார். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. ஆனால் எல்லப்பன் மைக்கை வாயிலிருந்து எடுத்து அவர் பக்கம் திருப்பியிருந்தார். சமாதி என்ற சொல் வாழைமரம் கட்டிய வாசலைத் தாண்டி, தெருமுனை டீக்கடை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

முதலில் யாரோ பின்வரிசையில் சிரித்தார்கள். அப்புறம் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். அருள்மணியின் அக்கா ரேணுகாதேவி சிரிக்கவில்லை. அவள் வந்தவாசியில் வாழ்க்கைப்பட்டவள். சாஸ்திரம் சம்பிரதாயம் என்று வந்தால் அவள் வைத்ததுதான் சட்டம். மூக்கின்மேல் விரலை வைத்து, பக்கத்திலிருந்தவளிடம் சொல்கிற பாவனையில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

"புது வீட்டுக்கு சமாதிய தூக்கியாந்து சீரு வெச்சத இன்னைக்குத்தான் பாக்கறேன்."

சிவசங்கரிக்குக் காது மடல் வரைக்கும் சூடேறியது. அருள்மணியோடு வேலை பார்க்கிற வாத்தியார்கள் குடும்பத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவரின் மனைவி கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பெஞ்சுக்கு அடியில் கையை வைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணாகவே அவள் மறுபடியும் ஆகிவிட்டாள். வாய் தானாகப் பேசியது.

"இவன் சொன்னது வேற படம் அண்ணி. கடைக்காரன் மாத்திக் கட்டிக் குடுத்துட்டான் போல. பிரிச்சுப் பாக்காம எடுத்தாந்துட்டான்."

தமிழ்செல்வன் சட்டத்தின் ஒரு முனையைப் பிடித்தபடியே நின்றிருந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்தான். பாத்தா உனக்கே தெரியும் என்று சொன்னவனுக்கு, பார்த்தும் அவளுக்குத் தெரியவில்லை என்பது அந்த நேரத்தில்தான் உறைத்திருக்க வேண்டும்.

"ஆமாங்க," என்றான் கூட்டத்தைப் பார்த்து. "நான் ஏழு குதிர படம்தான் சொல்லியிருந்தேன். மாறிடுச்சு. மாத்தி எடுத்தாந்துடறேன்."

ஏழு குதிரை என்றதும் எல்லோருக்கும் சமாதானம். ஓடுகிற ஏழு வெள்ளைக் குதிரை, வீட்டுக்கு ஐஸ்வரியம்; டவுனில் பாதி வீட்டு ஹாலில் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லப்பன் சட்டென்று சுதாரித்து, ஏழு குதிரைப் படம் ஒன்று பின்னால் வருகிறது என்று மைக்கில் சொல்லிவிட்டு, கல்கண்டுத் தட்டுக்குப் போனார். தமிழ்செல்வன் அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். பந்தியில் அவனுக்கு இரண்டாவது தடவை பாயசம் போட்டது சிவசங்கரிதான். அவன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளும் அவன் இலையை மட்டும்தான் பார்த்தாள்.

படம் வீட்டில் தங்கிவிட்டது. ஹாலில் மாட்ட முடியாது, சமாதி. குப்பையில் போடவும் முடியாது, தம்பி வைத்தது. மாடிப்படி முடிகிற இடத்தில், தண்ணீர் டேங்குக்குப் போகிற அறையில், முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிச் சாய்த்து வைத்தாள். துணி காயப் போடப் போகும்போதெல்லாம் அதன் முதுகு தெரியும். முதல் சில நாள் அந்தப் பக்கம் பார்க்காமல் போனாள். அப்புறம் பழகிவிட்டது. கடைக்காரன் மாற்றிக் கட்டிவிட்டான் என்று வந்தவர் போனவருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி, அவளுக்கே அது நடந்தது மாதிரி ஆகிவிட்டது. அது இன்னும் சௌகரியமாக இருந்தது.

பங்குனி வெயில் பிறந்தது. முதல் வெயிலுக்கே வடகம் ஊற்றிவிடுவது அவள் வழக்கம். பச்சரிசி மாவைக் கூழாகக் கிண்டி, பச்சை மிளகாயும் சீரகமும் அரைத்துப் போட்டு, அண்டாவோடு மாடிக்கு ஏறினாள். வழக்கமாக விரிக்கிற வேட்டி நைந்து கிழிந்திருந்தது. கூழ் ஆறினால் கெட்டியாகிவிடும். சுற்றும் முற்றும் பார்த்தவள் கண்ணில் அந்தச் சட்டம் பட்டது. எடுத்து வெயிலில் கிடத்தினாள். படம் இருக்கிற பக்கம்தான் வழவழவென்று இருந்தது; ஒட்டாமல் உரிந்து வரும். சுற்றிலும் மரச் சட்டம் இருப்பதால் காற்றுக்கும் பறக்காது. இதைவிட வாகான பலகை எங்கே கிடைக்கும்? முட்டிக்கால் போட்டு, கரண்டியால் மொண்டு மொண்டு, மூன்று கோபுரத்தின் மேலும் வானத்தின் மேலும் வட்ட வட்டமாக ஊற்றி முடித்துவிட்டுக் கீழே வந்தாள். மனசில் ஒரு உறுத்தலும் இல்லை. அதைத்தான் பிற்பாடு அவளால் தாங்க முடியவில்லை.

அன்றைக்குப் பதினோரு மணி வாக்கில் தமிழ்செல்வனும் மதிவதனியும் வண்டியில் வந்து இறங்கினார்கள். போன் பண்ணவில்லை. இருவருக்கும் நடுவில் பழுப்புக் காகிதம் சுற்றிய ஒரு சட்டம். தறியில் நெய்து முடித்த சேலையை அறுத்தெடுத்து முதலாளியிடம் கொடுத்துவிட்டு, அடுத்த பாவு ஏற்றுவதற்கு முன்னால் ஓடி வந்திருந்தான். சேலை இறங்கினால்தான் அவனுக்கு ஊரை விட்டு நகர நேரம். காகிதத்தைப் பிரித்தான். ஏழு வெள்ளைக் குதிரைகள் தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு ஓடி வந்தன. அவனே ஆணி அடித்து, எதிர்ச் சுவரில் மாட்டி, தள்ளி நின்று கோணல் பார்த்தான்.

"சொன்னபடி மாத்திட்டேன்க்கா. அந்தப் பழைய படத்தக் குடு. கடையில திருப்பிக் குடுத்துடறேன்."

சிவசங்கரி அவசரமாகப் பேச்சை மாற்றினாள். காப்பி போடுகிறேன் என்றாள். அவசரமில்லை, சாப்பிட்டுப் போகலாம் என்றாள். அடுத்த வாரம் மாமாவிடம் கொடுத்து அனுப்புகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தாள். அவன் எழுந்து படிப் பக்கம் போகிற மாதிரி தெரிந்ததும், தானே எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினாள்.

வடகம் மேலே காய்ந்து அடியில் ஈரமாக இருந்தது. ஒன்றை உரித்தாள், பாதி கையோடு வந்தது, பாதி மணலோடு ஒட்டிக்கொண்டது. நகத்தால் சுரண்டினாள். இன்னொன்றை இழுத்தாள்.

"பிஞ்சிடும் அண்ணி. ஓரத்துலருந்து எடுங்க."

மதிவதனி பின்னாலேயே வந்திருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்து, தன் பாட்டுக்கு ஓரத்திலிருந்து உரிக்க ஆரம்பித்தாள். கோபமாகத் திட்டியிருந்தால் சிவசங்கரி ஏதாவது பதில் சொல்லியிருப்பாள். மதிவதனி வடகத்தைப் பார்த்துக்கொண்டேதான் பேசினாள்.

"கடைக்காரன் ஒண்ணும் மாத்திக் குடுக்கல. அவரு சொன்னததான் போட்டுக் குடுத்தான். ஸ்டுடியோல எத்தினியோ படம் காட்டுனாங்க. அருவி, குதிர, கிருஷ்ணரு. இதப் பாத்ததும் அவரு எழுந்துட்டாரு. அரக்கு ஒடம்பு, மஞ்ச கோபுரம், எங்கக்கா கல்யாணச் சேல கரைடி இதுன்னு சொல்லிகினு அந்தப் பையன்கிட்ட எல்லாம் காட்டுறாரு. எகிப்தாவது ஒண்ணாவது, அவருக்குப் படமே தெரியல அண்ணி. கரைதான் தெரிஞ்சுது."

சிவசங்கரி குனிந்து பார்த்தாள். வடகம் எடுத்த இடத்தில் மணல் தெரிந்தது, அதன்மேல் ஒரு முக்கோணத்தின் பாதி தெரிந்தது. ஒரு பக்கம் வெயில் பட்ட மஞ்சள், மறுபக்கம் நிழல். அரக்கும் மஞ்சளும். அந்தச் சேலை கீழே பீரோவில்தான் மடித்து இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை எடுத்து, மடிப்பு மாற்றி வைக்கிறவள் அவள்தான். எல்லப்பன்கூடப் பார்த்ததும் கோபுரம் என்று சொல்லிவிட்டாரே என்று நினைத்தாள். தார் சுற்றி வளர்ந்த தனக்கு மட்டும் ஏன் தெரியாமல் போயிற்று? தான் படத்தைப் பார்க்கவே இல்லை, முன்வரிசையைத்தான் பார்த்தோம் என்று அப்போது புரிந்தது.

படியில் காலடி கேட்டது. தமிழ்செல்வன் மேலே வந்து நின்றான். சட்டத்தைப் பார்த்தான், அண்டாவைப் பார்த்தான், அக்காவின் விரலில் ஒட்டியிருந்த கூழைப் பார்த்தான்.

"ஒட்டாம வருதா?" என்று கேட்டான்.

அவளால், "வருது," என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

அவனும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். மூன்று பேரும் சேர்ந்து உரித்து முடித்தார்கள். ஈரத்துணி வைத்துத் துடைத்தார்கள். கூழ் சூடாக இருந்தபோதே ஊற்றிவிட்டதால் லேமினேஷன் வட்ட வட்டமாக வெளுத்துப் போயிருந்தது. எத்தனை துடைத்தும் அந்த வட்டங்கள் போகவில்லை. குதிரைப் படத்தைச் சுற்றியிருந்த காகிதத்தை எடுத்து வந்து தமிழ்செல்வன் அதில் சுற்றினான்.

"இத கடையில எடுத்துக்க மாட்டானே," என்றாள் அவள். கடை என்ற சொல்லே வாயில் கசந்தது.

"சொல்லிப் பாக்கறேன்," என்றான் அவன். அவள் பொய்யை அவன் கடைசி வரைக்கும் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறினான்.

அதற்குப் பிறகு ஏழு குதிரை ஹாலில் ஓடியது. வருகிறவர்கள் எல்லோரும் நின்று பார்த்து நல்லாயிருக்குது என்றார்கள். தம்பி வைத்ததா என்று கேட்டார்கள். ஆமாம் என்பாள், சொல்லிவிட்டு, அடுப்பில் ஏதோ இருக்கிற மாதிரி உள்ளே போய்விடுவாள். ஒவ்வொரு பாராட்டும் அவளுக்குச் சுருக்கென்று இருந்தது. நாலு தடவை போனை எடுத்துத் தம்பி நம்பரை அழுத்தப் போனாள். என்ன சொல்லி ஆரம்பிப்பது? அந்த வருஷம் வடகத்தை அவள் பொரிக்கவே இல்லை. அருள்மணி கேட்டபோது, காரம் அதிகமாகிவிட்டது என்று சொல்லிவிட்டாள்.

ஆவணியில் ரேணுகாதேவி வந்தவாசியிலிருந்து வந்தாள். மகளுக்கு நிச்சயம். கடையில் பட்டுச்சேலை எடுத்தால் விலை ஆளைத் தின்னும், உன் தம்பி தறியிலேயே சொல்லி எடுத்துக்கலாம் வா என்று சிவசங்கரியைக் கூப்பிட்டாள். சிவசங்கரி சாக்கு மேல் சாக்காகச் சொல்லிப் பார்த்தாள். தம்பி நெய்வது முதலாளி பாவுக்கு, அவன் இஷ்டத்துக்கு விற்க முடியாது என்றாள். முதலாளியிடம் அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று ரேணுகாதேவி ஆட்டோவையே கூப்பிட்டுவிட்டாள்.

முள்ளிப்பட்டு வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. மதிவதனி நாற்காலியை இழுத்துப் போட்டாள். ரேணுகாதேவி உட்காராமல் நேராகத் தறிக்குப் போய், நெய்து சுருட்டிய பாகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மயில் கழுத்து நிறம், மாம்பழ மஞ்சள் கரையில் கோபுரம் கோபுரமாக ஏறியிருந்தது.

"இதான், இதேதான் வேணும். கோபுரம் மாதிரி கரை எவ்ளோ மங்களமா இருக்குது பாரு. என் பொண்ணுக்கு இதே கரையில ஒண்ணு போட்டுக் குடு தமிழு," என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தாள்.

தறியில் உட்கார்ந்தால் நேர் எதிரே தெரிகிற சுவரில் அந்தப் படம் மாட்டியிருந்தது. அரக்கு வானம், மணல், மூன்று கோபுரம். மேலெல்லாம் வெளுத்த வட்டங்கள்.

சிவசங்கரி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"இது அந்த சமாதிப் படமாச்சே," என்றாள் ரேணுகாதேவி. "கடையில மாத்திட்டதா சொன்னீங்க. இங்க எப்பிடி வந்துச்சு?"

தறிச்சத்தம் நின்றது. தமிழ்செல்வன் ஒருமுறை அக்காவைப் பார்த்தான். கிரகப்பிரவேசத்தன்று பார்த்த அதே பார்வை. பிறகு ரேணுகாதேவியைப் பார்த்து, கடைக்காரன் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை என்றும், எங்கேயோ மழைத்தண்ணி பட்டுக் கறையாகிவிட்டது என்றும், எல்லாம் தான் சரியாகப் பார்க்காமல் வாங்கியதால் வந்த வினை என்றும் சொல்லிக்கொண்டே போனான். "நமக்கு அவ்ளோதாங்க தெரியும்," என்று தலையைச் சொறிந்து ஒரு சிரிப்புக்கூடச் சிரித்தான். ரேணுகாதேவியும் பரிதாபப்படுகிற மாதிரி சிரித்தாள். மதிவதனி மட்டும் சிரிக்காமல் சிவசங்கரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தமிழு, வுடு," என்றாள் சிவசங்கரி.

கை முந்தானைக்குள் போயிருந்தது.

"கடைக்காரன் எதையும் மாத்தல அண்ணி. அவன் எனக்குன்னு பாத்துப் போட்டாந்த படம்தான் இது. என் கல்யாணச் சேல கரை மாதிரி இருக்குதுன்னு போட்டாந்தான். எல்லாரும் சிரிச்சதும் எனக்கு மானம் போன மாதிரி ஆயிடுச்சு. பொய் சொன்னது நானு. அவன் எனக்காக ஆமாம்னு சொன்னான்."

பக்கத்து வீட்டுத் தறிச்சத்தம் மட்டும் கேட்டது. ரேணுகாதேவிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தெரியாதபோது அவள் விவரம் கேட்பாள்.

"அந்த வட்டம் வட்டமா இருக்குதே, அது இன்னா?"

"வடகம் ஊத்துனேன்."

"இதும்மேலயா?"

"இதும்மேலதான்."

ரேணுகாதேவியின் பார்வை சுவருக்கும் தறிக்குமாகப் போய் வந்தது. மங்களம் என்று சற்றுமுன் சொன்ன கரையில் கோபுரங்கள் வரிசையாக நின்றன. சுவரிலும் நின்றன. மதிவதனி முகத்தில் ஒன்றும் காட்டாமல் அவளிடம் கேட்டாள்.

"கரைய மாத்திடச் சொல்லட்டுமா அண்ணி?"

"ஏன், நல்லாத்தான இருக்குது," என்றாள் ரேணுகாதேவி அவசரமாக. "இருக்கட்டும், இருக்கட்டும்." இழுத்துப் போட்ட நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டு, தண்ணீர் கேட்டாள்.

காப்பி வந்தது. சேலைக்கு எப்போது பாவு ஏறும், முதலாளியிடம் யார் பேசுவது என்று பேச்சு திரும்பியது. சிவசங்கரி அதில் கலந்துகொள்ளவில்லை. சுவரோரமாகப் போய் நின்றாள். கிளம்புகிற நேரத்தில், தம்பி தறிக்குழியை விட்டு ஏறி வந்ததும், யாருக்கும் கேட்காமல் மெதுவாகச் சொன்னாள்.

"இத நான் எடுத்துகினு போறேன்டா. குதிரைய இங்க குடுத்தனுப்பறேன்."

"வேணாம்க்கா," என்றான் அவன். கோபம் இல்லை, சலுகையும் இல்லை, உள்ளதைச் சொன்னான். "தறியில உக்காந்து நிமிந்தா இதான் தெரியுது. பழகிடுச்சு. இங்கயே இருக்கட்டும்."

அவள் முகம் போன போக்கைப் பார்த்து, அவனே சேர்த்துக்கொண்டான். இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்.

"பங்குனிக்கு வேணும்னா சொல்லியனுப்பு. வடகம் ஊத்திட்டுத் திருப்பிக் குடுத்துடு."

மதிவதனி சிரித்தாள். ரேணுகாதேவியும் காப்பி டம்ளரை வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். சிவசங்கரியும் சிரித்திருக்க வேண்டும், வரவில்லை. நடுக்கோபுரத்தின் உச்சியில் ஒரு வட்டத்தின் ஓரத்தில் துளிக் கூழ் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது. ஆட்டோக்காரன் வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். அவள் முந்தானையிலிருந்து கையை எடுத்து, நகத்தால் அதை மெல்லச் சுரண்டிப் பார்த்தாள். அது வரவில்லை.